ஜேனா, ஜீனா?

மைசூரில் உள்ள டாக்டர்கள் எல்லாரும் கேட்ட இருமல்களைக் கூட்டிச் சேர்த்தாலும், ஜேனண்ணா ஒருவர் கேட்ட இருமல்களுக்குப் பக்கத்தில் வராது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக டைரி எழுதுகிறவன் நான். தேதி தெரியாத விஷயத்தை எழுதுவதில்லை; தேதி தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. இந்த இரண்டாவது குணத்தைப் பற்றி என் மனைவிக்கு நீண்ட நாள் குறை உண்டு.

தேவராஜ மொஹல்லாவில், சந்தையின் வெற்றிலைக் கடைகள் முடிந்து பூக்கடைகள் தொடங்குகிற மூலையில் இருந்தது அவர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். விற்றது தேன். கன்னடத்தில் தேனுக்கு ஜேனு என்று பெயர். அதனால் கன்னடக்காரர்களுக்கும் தமிழர்களுக்கும் சேர்த்து அவர் ஜேனண்ணா. அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ரேசன் கார்டுக்குங்க. உங்களுக்கெதுக்கு?" என்றார்.

ஊர் மார்டள்ளி. கொள்ளேகாலம் தாண்டி, மாதேஸ்வரன் மலைப் பக்கம், தமிழ் பேசுகிற பெரிய கிராமம். அங்கே அவருக்கு எட்டு வயது இளைய தம்பி ஒருவர் இருந்தார். மலையில் தேன் எடுப்பவர்களிடம் வாங்கி, டின்னில் அடைத்து, திங்கட்கிழமைதோறும் கொள்ளேகாலம் பஸ்ஸில் கொண்டுவருவது தம்பியின் வேலை. தோளுக்கு ஒரு டின்னாக பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வருவார். சந்தையில் அவரை ஆட்டோவில் பார்த்தவர்கள் கிடையாது.

தேன் வேண்டுமென்றால் ஜேனண்ணாவிடம் முதலில் இரும வேண்டும். அதுதான் கடையின் சட்டம். 1996 ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை, தொண்டை கட்டிக்கொண்டு நான் அங்கே போய் நின்றேன்.

"கால் கிலோ தேன் கொடுங்க."

"இருமுங்க."

"எனக்குத் தேன் வேணும்."

"இருமினாத்தானுங்க தேனு."

இருமினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். சங்கீதக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தது முகம்.

"இது உங்க இருமலில்லீங்க."

"பின்னே யாருது?"

"உங்கப்பாருது. மழைக்கு மூணு நாள் வரும், தொண்டைக்குக் கீழ எறங்காது. தேனெல்லாம் வேண்டாம், போயிட்டு வாங்க."

என் அப்பா இறந்து அப்போது ஒன்பது வருஷம். அவர் இருமல் அப்படித்தான் இருக்கும். நான் தேன் இல்லாமல் வீட்டுக்கு வந்து, டைரியில் முக்கால் பக்கம் எழுதினேன்.

அவர் கணக்கில் உலகத்தில் மூன்றே இருமல்கள். தகரம், தவில், சருகு. தகரம் என்றால் கிணுகிணுவென்று ஊரைக் கூட்டும், ஆளை ஒன்றும் செய்யாது. தவில் நெஞ்சிலிருந்து வரும், மருந்து கேட்கும். சருகுதான் மோசம். சத்தமே இருக்காது, காய்ந்த இலை தரையில் நகர்கிற மாதிரி இருக்கும். "சத்தம் போடறவன் பொழைச்சுக்குவானுங்க. சருகுதான் ஆளைத் தூக்கும்" என்பார். ஒரே வீட்டில், ஒரே சளி, மழைக்காலத்தில் வரிசையாக எல்லாருக்கும் வரும். ஒருவன் இரண்டு தும்மலோடு வேலைக்குப் போவான், இன்னொருவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். இது ஏன் என்று டாக்டர்கள் யோசித்தார்களோ இல்லையோ, ஜேனண்ணா இரவு பகலாக யோசித்தார்.

எடைக்கல் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். தராசைத் தொடும் முன்பே, "சார், ஒந்துசல கெம்மி" என்றார் ஜேனண்ணா. ஒரு தடவை இருமச் சொன்னார். அதிகாரி ஆத்திரத்தில் கத்த, கத்தலில் இருமல் வந்துவிட்டது. ஜேனண்ணாவின் முகம் விழுந்தது. எழுந்து நின்று கையைக் கூப்பினார். "சார், தராசு எங்கயும் ஓடிராது. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க." அதிகாரி மிரண்டுபோய் நேராக டாக்டரிடம் போனார். நெஞ்சில் பழைய சளி கட்டியிருந்ததாம். அதற்குப் பிறகு அவர் அந்த வரிசையில் எல்லாக் கடைகளின் தராசையும் சோதித்தார். இந்தக் கடை வாசலில் மட்டும் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடப்பார்.

இன்னொரு சம்பவம் கல்யாணம். நிச்சயதார்த்தத்துக்குப் பூ வாங்க வந்த இரண்டு குடும்பங்கள், பேச்சோடு பேச்சாகத் தேனும் கேட்டன. இரண்டு பக்கமும் இருமின. ஜேனண்ணா பெண்ணின் மாமாவைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றால் அந்தக் கடையில் ஒன்றரை அடி.

"வேண்டாமுங்க இந்தச் சம்பந்தம். ரெண்டு ஊடும் சருகு. பொறக்கற கொழந்தைக்கு மழைக்காலமே ஆகாது."

மாமா தராசுத் தட்டைக் கையில் எடுத்தார். பூக்காரர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். கல்யாணம் நடந்தது. நாலு வருஷம் கழித்து அதே மாமா, ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, கடை நடுவில் இறக்கி, "ம், கேளு" என்றார். குழந்தை இருமிற்று.

"தகரம்!" என்று கத்தினார் ஜேனண்ணா. "கிணுகிணுன்னு தகரமுங்க!" பெற்றவர்கள்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு பாட்டில் கொம்புத்தேனை அந்த மாமாவின் பையில் திணித்தார். சாயங்காலம் என்னிடம், "ஏனுங்க டைரிக்காரரே, ரெண்டு சருகு சேந்து தகரம் எப்படிங்க வரும்?" என்று கேட்டார்.

நான் அதைப் பற்றிப் படித்திருந்தேன். படித்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. "மரபணு" என்றேன். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி, அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பாதி கலைந்து வரும் என்று விளக்கினேன். மரபணு, மரபணு என்று அன்று குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பேன். ஆங்கில வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தமிழில் நல்ல வார்த்தை இருக்கும்போது இன்னொன்றைச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அந்தப் பெருமையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

2021 ஏப்ரல் கடைசி. கொரோனா இரண்டாம் அலை. தம்பி திங்கட்கிழமை டின்களோடு வந்தவர், பஸ் நின்றுபோனதால் ஊர் திரும்ப முடியாமல் அண்ணனோடு கடைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே தங்கினார். ஒரே அறை, ஒரே பாய், ஒரே குண்டானில் சோறு. வியாழக்கிழமை இரண்டு பேருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை ஜேனண்ணா எழுந்து ரசம் வைத்தார். தம்பி எழுந்திருக்கவில்லை. தோளுக்கு ஒரு டின் சுமந்தவர் அவர். அறுபது வயது அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தம்பிக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்த அன்று ஆறாம் நாள். பதினோராம் நாள் காலை தம்பி போய்விட்டார்.

கடைசிவரை அண்ணன் அவருக்குக் கொடுத்தது தேன். பத்து நாளும். முதல் ஐந்து நாள் அறையில் அவரே ஊற்றினார்; பிறகு ஆஸ்பத்திரி வாசலில் யார் காலையோ கையையோ பிடித்து, சின்ன பாட்டிலில் உள்ளே அனுப்பியிருக்கிறார்.

ஜூலை முதல் வாரம் சந்தை திறந்தது. ஜேனண்ணாவும் கடையைத் திறந்தார். ஆனால் தேன் விற்கவில்லை.

இது எப்படிப்பட்ட காட்சி என்று யோசித்துப் பாருங்கள். கடை நிறைய தேன் டின்கள். நான் எண்ணினேன், இருபத்தேழு. நடுவில் கடைக்காரர். யாராவது வந்து தேன் கேட்டால், "இல்லீங்க."

"அப்போ இதென்ன?"

"ஜேனு."

"அதைத்தானேய்யா கேக்கறேன்!"

"சக்கரை வாங்கிக்கங்க. அதோ அந்தக் கடை."

இருமச் சொல்வதும் நின்றுபோயிற்று. ஒரு கன்னட அம்மாள் பழைய பழக்கத்தில் வந்து தானாகவே இருமிக் காட்டினாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "பேடம்மா, பேடா" என்று கெஞ்சினார். வேண்டாம் என்று.

தினமும் பதினொரு மணிக்கு ஒரு டின்னைத் திறப்பார். ஒரு குழிக்கரண்டி நிறைய எடுத்துக் குடிப்பார். மூடிவிட்டு உட்காருவார். பத்து நாள் ஒரே டின். பதினோராம் நாள் அந்த டின்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததைத் திறப்பார். பூக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். "ஜேனண்ணங்கே ஹுச்சு" என்றார்கள். பைத்தியம் என்று. பிறகு அதுவும் பழகிப்போய், பதினொரு மணிக்கு அவர் கரண்டியைப் பார்த்து டீ சொல்ல ஆரம்பித்தார்கள்.

நான் என்ன செய்தேன்? எழுதினேன். ஒரு நாளும் விடாமல் எழுதினேன். "திங்கள், 11.05. நாலாம் டின், ஏழாம் நாள்." "வெள்ளி, 11 மணி. ஒன்பதாம் டின் முடிந்தது, கோடு." ஏழு மாதம் இப்படி எழுதினேன். இன்று அந்தப் பக்கங்களைப் புரட்டுகையில் ஒன்று தெரிகிறது. நாள் இருக்கிறது, மணி இருக்கிறது, டின் எண் இருக்கிறது. ஏன் என்கிற கேள்வி ஒரு பக்கத்தில்கூட இல்லை. துக்கத்தில் இருக்கிற மனிதனைக் கேட்கக் கூடாது என்று நான் மரியாதையாக இருந்தேன். மரியாதையைப் போல ஆளைக் கொல்கிற சாமான் வேறில்லை.

பிப்ரவரியில், இருபத்திரண்டாம் டின்னின் மூன்றாம் நாள், கடையில் உட்கார்ந்தபடியே அவர் தூங்கி விழுந்தார். இளைத்திருந்தார். பக்கத்தில் நாலு காலித் தண்ணீர் பாட்டில்கள். அன்றுதான் கேட்டேன்.

"ஜேனண்ணா, இதை எதுக்குக் குடிக்கிறீங்க?"

"எதுலன்னு தெரியணுமில்லீங்களா."

"எது எதுல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இது தெரியாதா உனக்கு என்கிற ஆச்சரியம் இருந்தது.

"தம்பியைக் கொன்னது. டாக்டரே சொன்னாருங்களே. சின்னப் பையனாட்டம் ஒரு டாக்டரு, மூஞ்சில ரெண்டு மாஸ்க்கு. 'ஒரே ஊட்ல இருந்தோம், எனக்கு ஒண்ணுமில்ல, இவனுக்கு ஏன் சாமி இப்படி'ன்னு கேட்டேன். 'ஜேனல்லே இரபஹுது'ன்னாரு. தேன்லயே இருக்கலாமுன்னு. நாந்தானுங்களே ஊத்துனேன் பத்து நாளும். தம்பி குடிச்சது பத்து நாள், அதனால டின்னுக்குப் பத்து நாள். கொட்டிப்போட்டா எந்த மரத்துத் தேன்னு தெரியாம போயிருமுங்க. தெரிஞ்சா மலைல சொல்லி நிறுத்திப்போடலாம். இன்னும் எத்தனை பேரு குடிக்கறாங்களோ."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த டாக்டர் சொன்னது ஜேனு அல்ல. ஜீன். ஜீனல்லே இரபஹுது. மரபணுவிலேயே இருக்கலாம். இரண்டு மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து வந்த ஓர் 'ஈ', வெளியே வரும்போது 'ஏ' ஆகிவிட்டது. தேன் விற்கிறவன் காதில் அது வேறு எப்படி விழும்? ஜீன் என்கிற வார்த்தையை அவர் அறிந்திருந்தால் ஒருவேளை சரியாக விழுந்திருக்கும். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க வாய்ப்பு இருந்தது எனக்கு. நான் மரபணு என்று இருபது தடவை சொன்னேன்.

"ஜேனண்ணா, அது தேன் இல்ல. ஜீன். மரபணுன்னு நான் சொன்னேனே, அது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

நான் சொன்னேன். கிருமி உள்ளே புகுந்ததும் உடம்பில் ஒரு மணி அடிக்க வேண்டும். சிலருக்கு அந்த மணி தாமதமாக அடிக்கும். மணியை அடிக்கச் சொல்லி எழுதியிருக்கிற எழுத்தில் ஒன்று மாறியிருக்கலாம். எழுத்து மாறாதவன் உலகத்தில் யாரும் இல்லை. பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆவதில்லை, வாழ்நாள் முழுக்கத் தெரியவும் தெரியாது. புதிதாக ஒரு கிருமி வந்து கதவைத் தட்டினால்தான் தெரியும். அதுவும் எழுத்து மட்டும் காரணம் இல்லை. வயது, உடம்பு, எவ்வளவு கிருமி உள்ளே போயிற்று, எப்போது ஆக்ஸிஜன் கிடைத்தது எல்லாம் சேரும். "அதனாலதான் அந்த டாக்டர் 'இரபஹுது'ன்னார். இருக்கலாம்னு. உறுதியா அவருக்கும் தெரியாது."

"அப்ப ஜேனு இல்லீங்களா?"

"இல்ல."

அவர் அழுதார். ஏழு மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். ஒரு மனிதனைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டதாக நினைத்து நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"அந்த எழுத்து எங்கிருந்துங்க வரும்?"

"அப்பா அம்மாகிட்ட இருந்துதான்."

"எனக்கும் அதே அப்பா அம்மாதானுங்களே."

"உங்களுக்கு வேற பாதி, அவருக்கு வேற பாதி."

"அப்ப நல்ல பாதியை நான் எடுத்துக்கிட்டேன்."

அப்படி இல்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். யாரும் எடுத்துக்கொள்வதில்லை, அதுவாக விழுகிறது என்றேன். சரிதான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஊரு இருமலெல்லாம் கேட்டனுங்க. அவன் இருமுனா மட்டும், சும்மா கெடடான்னேன். சின்னதுல இருந்தே சருகுதானுங்க அவனுக்கு. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்."

நான் அந்த டின்னை மூடி வைத்தேன்.

அடுத்த வாரம் அவரை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனேன். சர்க்கரை கூரைமேல் நின்றது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். ஜேனண்ணா என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இது ஜேனா, ஜீனாங்க?"

"எரடூ" என்றாள் அவள். இரண்டும்.

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் அதன்பின் அவருக்குப் புதிய வெசனம் ஒன்று பிடித்துக்கொண்டது. தம்பிக்கு ஒரு மகள். கொள்ளேகாலத்தில் காலேஜில் படிக்கிறாள். தம்பியின் எழுத்து அவளுக்கும் வந்திருக்குமா? ரத்தத்தில் பார்த்துச் சொல்ல மாட்டார்களா? நான் தேடிப் படித்தேன். இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகச் சொல்லக்கூடிய பரிசோதனை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. நம் பக்கத்து மக்களிடம் அதிகம் காணப்படுகிற ஆபத்தான மரபணுத் துண்டு ஒன்று இருக்கிறது என்று படித்தேன். அது இருந்தும் வெறும் சளியோடு தப்பியவர்கள் ஏராளம் என்றும் படித்தேன். இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

"அப்ப எனக்குத் தெரிஞ்ச பரிசோதனையே போதுமுங்க" என்றார்.

தினமும் காலை ஆறு நாற்பதுக்கு அவளுக்கு போன் போட்டார்.

"கண்ணு, இருமு."

"பெரியப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. இருமலே வர்ல."

"வர்லீன்னாலும் இருமு சாமி."

அவள் இருமுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "தகரந்தான் கண்ணு. போய்ப் படி." போனை வைத்த பிறகுதான் அவருக்கு அன்றைய டீ இறங்கும். அது உண்மையில் தகரமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூக்கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மறுபடி கேட்கவில்லை. மறுபடியும் மரியாதை.

2023 நவம்பரில் பாதத்தில் ஒரு கொப்புளம். சர்க்கரைக்காரருக்குக் கொப்புளம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் போன் எங்கேயோ தொலைந்துபோயிற்று. ஆறு நாற்பது அழைப்பு என் போனிலிருந்து போயிற்று. நான் காதருகே பிடித்துக்கொள்வேன். கடைசி நாட்களில் அவருக்குப் பேச்சு இல்லை. அவள் இருமுவாள். அவர் தலையை லேசாக அசைப்பார். நான், "தகரமாம், போய்ப் படிம்மா" என்பேன்.

அந்தத் தேன் யாரையும் கொல்லவில்லை என்று அவரிடம் அடித்துச் சொன்னவன் நான். ஒருவரைக் கொன்றிருக்கலாம். இரபஹுது. எனக்கும் உறுதியாகத் தெரியாது.

மார்டள்ளியில் அவர் காரியம் முடிந்து நான் மைசூர் திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு என் போன் மணி அடித்தது. அந்தப் பெண். ஹலோ சொல்லவில்லை.  ஒரு தடவை இருமினாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை.

"தகரந்தான் கண்ணு" என்றேன். "போய்ப் படி."

இன்றுவரை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. எனக்கு இருமலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆறரைக்கெல்லாம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.